வயது ஏற அமுக்கமும் ஏறத்தான் வேண்டுமா?

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, நோயாளரைப் பற்றிப் பேசுவதா, நலமாயிருப்பவரைப் பற்றிப் பேசுவதா என்று சற்றுத் தயங்கினோம். நோயாளரைப் பற்றிப் பேச வைத்தியர்கள் இருக்கிறார்கள். நாமோ வைத்தியர் அல்லேம். பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர். ஆகவே, "எனக்கொரு வருத்தமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு அடுப்படியில் நிற்கும் தாய்மாரையும், அதையே சொல்லிக்கொண்டு கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடும் அக்காமாரையும் பற்றிப் பேசத் துணிந்தோம்.

நம் வீடுகளில் ஒரு பேச்சு வழக்கிலிருக்கிறது. "ஐம்பது வயதாகிவிட்டது, இனிப் பிறசர் வரத்தானே செய்யும்" என்பார்கள். தலை நரைப்பது போல, கண் மங்குவது போல, இரத்த அமுக்கமும் வயதோடு கூடவே வருவதொன்று என்பது இதன் கருத்து. பட்டணங்களில் வாழும் மக்கட் கூட்டத்தைப் பார்த்தால் இது மெய்போலவே தோன்றும். பெண்களிடத்தில், மாதவிடாய் நின்றபின் அமுக்கம் விரைந்து ஏறுவதும் உண்மையே. ஆனால் இது இயற்கையின் மாற்றமுடியாத விதியா, அன்றி நாம் வாழும் முறையின் விளைவா என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. அவர்கள் கண்டவற்றுள் ஒன்று எம்மை வெகுவாகச் சிந்திக்கவைத்தது.

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் உம்பிரியா என்றொரு மாகாணம் உண்டு. அங்கே உலகத்தோடு கலவாமல் மடத்துள்ளேயே வாழும் கன்னியாஸ்திரிகள் 144 பேரையும், அதே பகுதியில் இல்லறத்திலும் தொழிலிலும் வாழ்ந்த பெண்கள் 138 பேரையும் மாரியோ திமியோ என்ற வைத்தியரும் அவரது தோழர்களும் இருபது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, 1988ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் இரு சாராரும் நலமுள்ள பெண்கள். வயது, நிறை, குடும்பத்தில் அமுக்கநோய் இருந்த வரலாறு, சிறுநீரிற் கழிந்த உப்பின் அளவு ஆகியவற்றில் இவர்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. புகைப்பவர் எவருமில்லை. இருபது ஆண்டு கழிந்தபோது, வெளியே வாழ்ந்த பெண்களின் அமுக்கம் எதிர்பார்த்தபடியே ஏறியிருந்தது. மடத்துப் பெண்களின் அமுக்கமோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. அவர்களுள் ஒருவருக்கேனும் கீழ் அமுக்கம் 90க்கு மேற் போகவில்லை. இரு சாராருக்குமிடையே மேல் அமுக்கத்தில் 30க்கு மேலும், கீழ் அமுக்கத்தில் 15க்கு மேலும் இடைவெளி உண்டாகியிருந்தது. முப்பது ஆண்டு நிறைவில், 1997இல், மீண்டும் எழுதினார்கள். மாரடைப்பு முதலியனவும் மடத்துப் பெண்களிடையே குறைவாகவே காணப்பட்டன.

உப்பு இருசாரார்க்கும் ஒன்றே. நிறையும் ஏறத்தாழ ஒன்றே. அங்ஙனமாயின் வேறுபட்டது எது? ஓசையற்ற நாட்கள், குறித்த வேளையில் உணவு, குறித்த வேளையில் தொழுகை, குறித்த வேளையில் உறக்கம், நாளைய செலவுக்கு என்ன செய்வோம் என்ற ஏக்கமின்மை. ஆராய்ந்தவர்கள் இவற்றையே காரணமாகக் கூறினார்கள். கிறிஸ்தவ மிசன் பள்ளியொன்றில் நாம் கற்ற காலத்தில் இத்தகைய வாழ்வைச் சற்று அருகிலிருந்து கண்டிருக்கிறோம். எம்மைப் படிப்பித்த சகோதரிமார் மணியடித்தால் உண்ணவும், மணியடித்தால் உறங்கவும் போவார்கள். அவர்கள் இருந்து உண்பார்கள். இதைச் சொல்லும்போது சிரிக்கிறீர்கள். ஆயினும் நம் வீட்டுப் பெண்கள் ஒரு நாளில் எத்தனை வேளை இருந்து உண்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆராய்ச்சியை அளவுக்கு மிஞ்சி நம்பவும் கூடாது. மடத்தில் வாழ்ந்தோர் பிள்ளை பெறாதவர்கள், அந்த வாழ்வைத் தாமே தெரிந்துகொண்டவர்கள், தொகையிலும் சிலரே. அமைதி ஒன்றே காரணமென்று இதைக்கொண்டு சாதித்துவிட முடியாது. ஆனால், வயது ஏறினால் அமுக்கம் ஏறியே தீரவேண்டும் என்ற கூற்று இதனால் உடைந்துபோகிறது. 1988இலேயே வெளிவந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சி, 32 நாடுகளில் 52 இடங்களிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்து பார்த்தது. பிரேசில் நாட்டுக் காடுகளில் வாழும் யனோமாமி மக்கள் உப்பென்பதையே அறியாதவர்கள். அவர்களுடைய சராசரி அமுக்கம் 95க்கு 61 அளவில் இருந்தது. வயதோடு அது ஏறவுமில்லை. ஆகவே வழி ஒன்றன்று. மடத்தார் ஒரு வழியிலும் காட்டார் இன்னொரு வழியிலும் ஓரிடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இனி, அமுக்கம் ஏறுவதாற் கெடுவதென்ன? இதயத்தையும் மூளையையும் எல்லாரும் அறிவர். சிறுநீரகத்தைப் பற்றியே குறைவாகப் பேசப்படுகிறது. முதுகுப் பக்கத்தில் ஒரு கைப்பிடியளவிற் கிடக்கும் இவ்விரண்டு உறுப்புகளுக்கும், இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள. நாளொன்றுக்கு அவை வடிப்பது ஏறத்தாழ 180 லீற்றர். கிணற்றடி வாளியாற் கணக்கிட்டாற் பத்து வாளிக்குக் குறையாது. அதில் ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளிவருகிறது. மிகுதியெல்லாம், வேண்டியது வேண்டாதது பார்த்து, மீண்டும் இரத்தத்துக்கே திருப்பப்படுகிறது. இவ்வளவு மென்மையான வடிகட்டியின்மேல் ஆண்டுக்கணக்காக மிகையான அமுக்கம் மோதினால் அது தடித்துச் சுருங்கும். முதலில், இரத்தத்திலேயே நிற்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரிற் கசியத் தொடங்கும். பின்னர் வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழியும், அழிந்தது மீள்வதில்லை. கெட்ட சிறுநீரகம் உப்பைச் சரிவரக் கழிக்கமாட்டாது. அதனால் அமுக்கம் மேலும் ஏறும். ஏறிய அமுக்கம் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். எது முந்தியது எது பிந்தியது என்று பிரித்தறிய முடியாத சுழல் இது.

இதிற் கொடுமை என்னவெனில், பாதிக்கு மேல் அழிந்தபின்னரும் உடம்பு ஒன்றுஞ் சொல்லாதிருத்தலே. நோவில்லை, காய்ச்சலில்லை, பசியுங் குறைவதில்லை.

எமது உறவினரான பெரியம்மா ஒருவரின் கதையைச் சொல்ல அவரே அனுமதி தந்தார். பெரியப்பாவுக்கு அமுக்கநோய் உண்டு. அதற்காக வீட்டில் ஓர் அமுக்கமானி வாங்கி வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் பெரியம்மாவே அதை எடுத்துவந்து, பெரியப்பாவின் கையிற் சுற்றி, அளந்து, கொப்பியில் எழுதி, மீண்டும் அலுமாரியில் வைப்பார். ஏழாண்டுக் கொப்பிகள் அந்த வீட்டில் இருக்கின்றன. ஒருநாளேனும் அந்தக் கருவி பெரியம்மாவின் கையிற் சுற்றப்படவில்லை. பின்னேரங்களிற் கால் வீங்கியபோது, நின்று வேலைசெய்வதால் என்றார்கள். தலையிடிக்குக் குளிசை போட்டுக்கொண்டு நின்றார். ஐம்பத்துநான்காம் வயதில் வேறெதற்கோ இரத்தம் சோதித்தபோது, சிறுநீரகத்தின் வேலை மூன்றிலொன்றாகக் குறைந்திருந்தது தெரியவந்தது. வீட்டில் எவரும் கெட்டவரல்லர். எல்லாரும் அவரை நேசித்தார்கள். அவரை நலமுள்ளவர் என்று எண்ணினார்கள், அவ்வளவே.

சபையோரே, நலமுள்ள பெண்களின் அமுக்கம் ஏறாமற் காக்க வாழ்க்கைமுறை எவ்வளவுக்கு உதவும் என்பதற்குக் கணக்கே உண்டு. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டில் இளந் தாதியர் இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அவர்களுள், 1991இல் எந்நோயுமின்றி இயல்பான அமுக்கத்தோடிருந்த 83,882 பேரை, 27 முதல் 44 வயது வரையுள்ளவரை, பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 12,319 பேருக்கு அமுக்கநோய் உண்டாயிற்று. நிறை மிகாமை, நாளுக்குச் சராசரி அரைமணி நேரம் உடல் வேர்க்க உழைத்தல், காய்கனியும் கொழுப்புக் குறைந்த பாலும் மிகுந்து உப்புக் குறைந்த உணவு, நோக்குளிசைகளை அருமையாக உபயோகித்தல், போலிக் அமிலம், மதுவிற் சொற்ப அளவு என ஆறு பழக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். ஆறும் அமைந்த பெண்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஐந்திலொரு பங்களவாகக் குறைந்திருந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். ஆறாவதைப் பற்றி நம் தாய்மார் கவலைப்பட வேண்டியதில்லை. அதைக் கைக்கொள்ளுமாறு இச்சபையில் எவருக்கும் நாம் சொல்லப்போவதுமில்லை.

இந்த ஆறினுள் மிக்க வலியது நிறையே. மிகப் பருத்த பெண்களுக்கு, மெலிந்தவரைப் பார்க்கிலும் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைந்த அளவில் அமுக்கநோய் உண்டாயிற்று. பருத்த உடலில் ஒவ்வொரு வடிகட்டியும் தன் சக்திக்கு மேல் வடிக்கவேண்டியிருப்பதாற் சிறுநீரகமும் நேராகவே தாக்கப்படுகிறது. ஆசிய மக்களுக்கு எச்சரிக்கை எல்லை சற்றுத் தாழ்ந்தது என உலக சுகாதார நிறுவனம் கூறும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அந்த எல்லை சுமார் 53 கிலோகிராம். இதைக் கேட்டு மனஞ் சோரவேண்டாம். குறைக்கும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மேல் அமுக்கம் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்குமென்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணித்திருக்கிறார்கள். ஐந்து கிலோவே குறைத்தாலும் ஐந்து புள்ளி.

உணவைப் பற்றி இன்னுந் தெளிவான சான்று உண்டு. 1997இல் அமெரிக்காவில் 459 பேருக்கு, நிறையும் மாறாமல் உப்பும் மாறாமல், உணவை மட்டும் மாற்றி எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கனி, பருப்பு, தானியம், கொழுப்புக் குறைந்த பால் இவற்றாலான உணவு மேல் அமுக்கத்தைச் சராசரி ஐந்தரைப் புள்ளி இறக்கியது. 2001இல் அதனோடு உப்பையும் குறைத்துப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களிடத்திலேயே ஏழு புள்ளி இறங்கிற்று. ஒரு மாத்திரையும் இல்லை.

இதைக் கேட்டவுடன், "நாங்கள் மரக்கறிதானே சாப்பிடுகிறோம், எங்களுக்கு என்ன பயம்?" என்பார் இச்சபையிற் பலருண்டு. மரக்கறிச் சோற்றின் பக்கத்தில் வைக்கும் அப்பளத்தையும், மோர்மிளகாயையும், ஊறுகாயையும் கணக்கிலெடுத்தீர்களா? மச்சம் உண்போர் வீட்டிற் கருவாடு செய்யும் வேலையை இவை சைவர் வீட்டிற் செய்துவிடுகின்றன. காலையிற் பாண், பத்துமணிக்கு பிஸ்கற், பிள்ளைகள் மிச்சம்விட்ட பக்கற் நூடில்ஸ், இவற்றில் உப்பு நாக்குக்குத் தெரியாமலே ஒளிந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் இருக்கவேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. சமைக்கும் பானையில் விழும் உப்பும் அதற்குள் அடக்கம். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பழம், பயறு இவற்றிலுள்ள பொற்றாசியம் உப்பின் தீங்கை ஓரளவு தணிக்கும். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு அதே பொற்றாசியம் ஆபத்தாகலாம். அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிறசருக்கும் சீனிக்கும் நல்லதென்று காமரங்காச் சாற்றை வெறுவயிற்றில் நிறையக் குடித்து, நலமாயிருந்தவர்களே சிறுநீரகங் கெட்டு வைத்தியசாலைக்குப் போன செய்திகளை நமது நாட்டு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் சிறுநீரகத்திற் படிகமாகத் தங்கிவிடுகிறது. அயலவர் சொல்லும் சாறெல்லாம் மருந்தன்று. அவ்வாறே மூட்டுநோவுக்கும் தலையிடிக்கும் கடையில் வாங்கிப் போடும் குளிசைகள் சில, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்க வல்லன. ஒருநாள் நோவுக்கு ஒன்று போடுவது வேறு, தேநீரோடு நாள்தோறும் ஒன்று போடுவது வேறு.

உழைப்பைப் பற்றிச் சொல்லப்போனால், "நாள் முழுதும் வீட்டுவேலை செய்கிறோமே, அது போதாதா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துலாவில் நீர் இறைத்து, உரலில் இடித்து, அம்மியில் அரைத்த காலத்து வேலை வேறு. இன்று நீரிறைப்பது மோட்டார், அரைப்பது இயந்திரம். எஞ்சியிருப்பது நிற்பதும் குனிவதும் களைப்பதும். களைப்பு வேறு, தேகாப்பியாசம் வேறு. (அந்தக் காலத்துப் பாட்டிமாருக்குப் பிறசர் இருக்கவில்லை என்று சொல்வோரும் உளர். அளந்து பார்த்தவர் எவருமில்லையாதலால் அதை நாம் ஒத்துக்கொள்வதற்கில்லை.) வாரத்தில் 150 நிமிடம், மூச்சுச் சற்று வாங்குமளவுக்கு விரைந்து நடத்தல் வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். அந்த அரைமணி நேரத்தை ஒரு தாய் எங்கிருந்து எடுப்பாள்? இதுவே இன்று நாம் பெரியோர்களிடம் கேட்க வந்த கேள்வி.

வீட்டில் முதலில் எழுபவளும் கடைசியிற் படுப்பவளும் ஒருத்தியே. எல்லாரும் உண்டபின் எஞ்சியதை, எஞ்சியதென்பதாலேயே அளவுக்கு மிஞ்சி உண்பவளும் அவளே. அவளிடம் போய், உப்பைக் குறை, நடந்து வா, மனத்தை அமைதியாக வை என்று புத்தி சொன்னால், அவளுடைய வேலைப் பட்டியலில் இன்னும் மூன்று வேலைகள் சேர்ந்தனவேயன்றி வேறொன்றுமில்லை. அவள் கறியில் உப்பைக் குறைத்தால் முதலில் முகஞ்சுளிப்பவர் யார்? உம்பிரியாவின் மடத்தில் அமைதி தானாக வரவில்லை. ஒரு மடமே ஒழுங்காக இயங்கி ஒவ்வொருத்திக்கும் அதைக் கொடுத்தது. நம் பெண்கள் மடத்துக்குப் போகவேண்டியதில்லை. வாலிபர்களே, மாலையில் அரைமணி நேரம் அடுப்படியை நாம் பார்த்துக்கொண்டால் அம்மா நடந்துவரலாம். கோயில் வீதியைச் சுற்றி நான்குமுறை நடந்தாலே போதிய தூரமாகும். இரவுச் சாப்பாட்டை எட்டுமணிக்கு எல்லாரும் ஒன்றாயிருந்து உண்பதென்று வைத்துக்கொண்டால் அவளும் இருந்து உண்பாள்.

இளந் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கருவுற்ற காலத்தில் அமுக்கம் ஏறி, சிறுநீரிற் புரதங் கண்டு வருந்தியவர்கள், பிள்ளை பிறந்ததும் எல்லாம் தீர்ந்ததென்று மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் அமுக்கநோயும் சிறுநீரக நோயும் இதயநோயும் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றையோரிலும் அதிகம். ஆண்டுதோறும் அளந்துகொள்ளுங்கள், வைத்தியரிடம் போகும்போது இந்த வரலாற்றை மறக்காமற் சொல்லுங்கள். இன்னொன்று: இரத்தத்திலுள்ள கிரியற்றினின் என்ற பொருளைக் கொண்டே சிறுநீரகத்தின் வேலையை மதிப்பிடுகிறார்கள். அது தசையிலிருந்து வருவது. பெண்களுக்குத் தசை குறைவாதலால், ஓர் ஆணுக்குச் சரியான எண் பெண்ணுக்குச் சரியானதாகாது. எண்ணை மட்டும் பார்த்து ஆறுதலடையாமல், வயதையும் பாலையும் சேர்த்துக் கணித்த வடிகட்டல் வீதத்தைக் கேட்டறியுங்கள். சிறுநீரில் அல்புமினையும் சோதிக்கச் செய்யுங்கள். முப்பத்தைந்து வயதடைந்த பெண்களுக்காக நமது நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக் நடந்துவருகிறது. அங்கே அமுக்கம் இலவசமாகவே பார்க்கப்படும். நம்மவர் பலர் அதன் வாசலை மிதித்ததில்லை.

இன்று இம்மண்டபத்தின் பின்புறத்தில், வாசகசாலைப் பக்கமாக, இரண்டு மேசைகளில் அமுக்கமானிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. தாதிப் பயிற்சி பெறும் எமது சகோதரிகள் இருவர் அளப்பார்கள். அளப்பதற்கு முன் அரைமணி நேரம் தேநீர் அருந்தாதீர்கள். ஆகவே சிற்றுண்டி பின்னரே பரிமாறப்படும். கதிரையிற் சாய்ந்து, காலைக் காலின்மேற் போடாமல் நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாதிருங்கள். பட்டியைச் சட்டைக் கையின்மேற் சுற்றக்கூடாது. கை நெஞ்சளவு உயரத்தில் மேசைமேல் இருக்கவேண்டும். இரண்டுமுறை அளந்து எழுதித் தருவார்கள். 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டியிருந்தால் ஒருநாள் அளவைக் கண்டு அஞ்சவேண்டாம். இரண்டொரு வாரத்துள் வைத்தியரிடம் மீண்டும் அளந்துகொள்ளுங்கள். 180க்கு 120 அளவில் இருந்தால் மட்டும் இன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வண்டிக்குச் சங்கம் ஏற்பாடு செய்யும். முதலில் தாய்மார், பின்னர் கன்னியர், கடைசியாகவே ஆடவர். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மாரிடமிருந்து குழந்தைகளை வாங்கி வைத்துக்கொள்ள வாலிபர் நால்வர் மேசையருகே நிற்கிறார்கள்.